பேஸ் மட்டும் பெட்டியில் ஓடுகிறது

"ஆடுன்னா டான்ஸ் இல்ல. லேசா. இடுப்பு வேணாம், தோள் மட்டும். தலைய இப்பிடி, இப்பிடி."

"கோழி மாதிரியாணா?"

"கிண்டல் வேணாம் வினோ. பாட்டு ஸ்பீடுக்கு ஏத்த மாதிரி ஆட்டு. வெரலு கம்பி மேல ஓடிக்கினே இருக்கணும். எங்கயும் நிக்கக் கூடாது. வீடியோ எடுப்பாங்க."

"அதெல்லாம் சரிணா. சத்தம்?"

"சத்தம்தான் டிராக்ல வருதே."

"அப்ப நான் எதுக்கு?"

"இன்னா இப்பிடிக் கேக்கற? பிளெக்ஸ்ல உன் மூஞ்சிதான பெருசா போட்டுக்கீறாங்க!"

இதைச் சொல்லும்போது கலையரசன் அண்ணன் கீபோர்டு ஸ்டாண்டுக்கு அடியில் முழங்காலிட்டு, மேடைப் பலகையில் ஒயர்களை டேப் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவில்லை. கார்முகில் இன்னிசைக் குழு அவருடையது. கீபோர்டு அவர், பாட்டு வரிசை அவர், யார் எங்கே நிற்க வேண்டும் என்பதும் அவர். நான் அந்தக் குழுவின் பேஸ் கிட்டார். அதாவது, ஆனி மாதம் வரை அப்படித்தான் இருந்தேன்.

பிளெக்ஸ் உண்மைதான். தெருமுனையில் கட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் அம்மன், இன்னொரு பக்கம் கிட்டாரோடு நான். மனிதர்கள் சாமியைப் பார்த்தபடி இருக்க வேண்டும், முதுகைக் காட்டக் கூடாது என்று விழாக் குழுவினர் சொல்லியிருக்கிறார்கள். பிளெக்ஸ் அடித்தவர் என் படத்தை அப்படியே கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிப் போட்டுவிட்டார். அதனால் திருவண்ணாமலை முழுக்க நான் இடதுகைக்காரி. காலையிலிருந்து பால்காரர் உட்பட நான்கு பேர் இதைப்பற்றி விசாரித்துவிட்டார்கள்.

எங்கள் தெரு அம்மனுக்கு ஆடியில் கூழ் வார்ப்பார்கள். மதியம் கூழ், சாயங்காலம் கச்சேரி. தெருவின் குறுக்கே டிரம்களை அடுக்கி, பலகை போட்டு, மேடை கட்டியிருந்தார்கள். கார்முகில் குழுவோடு நான் கீழ்பென்னாத்தூரிலும் சேத்துப்பட்டிலும் வாசித்திருக்கிறேன், பெயர் மறந்துபோன கிராமங்களில் வாசித்திருக்கிறேன். சொந்தத் தெருவில் வாசித்ததில்லை. இன்றுதான் முதல் தடவை. இன்றைக்குத்தான் மிக்ஸரில் என் சேனலை மூடிவிட்டார்கள்.

காரணம் இருந்தது. போன மாதம் கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாண வரவேற்பு. ஒரு பழைய பாட்டு. அதில் இரண்டாவது சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் இடத்தில், ரெக்கார்டில், பேஸ் ஒரே சுரத்தில் காத்துக்கொண்டு நிற்கும். நானும் எத்தனையோ முறை அப்படியே நின்றிருக்கிறேன். அன்றைக்கு ஏனோ நிற்க முடியவில்லை. அந்தச் சுரத்திலிருந்து ஒவ்வொரு கட்டையாகக் கீழே இறங்கி, இருட்டான ஒரு இடம் வரைக்கும் போய், அங்கிருந்து பல்லவியின் முதல் சுரத்துக்கு அடியிலிருந்து ஏறி வந்தேன். வீட்டுக்கு முன்வாசல் வழியாக வராமல் தோட்டத்துப் பக்கமாக வருவதைப்போல. வந்து சேர்ந்த இடம் சரியான இடம். வந்த வழிதான் வேறு.

பாடகர் மாறன், ரெக்கார்டில் உள்ள அந்த ஒற்றைச் சுரத்துக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை. ஒரு வரி தாண்டித்தான் அவர் உள்ளே வந்தார். மண்டபத்தில் அப்போது எல்லோரும் ஐஸ்கிரீம் வரிசையில் இருந்தார்கள். மணமக்கள் யாரோடோ போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவரும் கவனிக்கவில்லை. மாறன் மட்டும் பாட்டு முடிந்ததும் மைக்கை மூடிக்கொண்டு கேட்டார்: "எங்க போய்ட்ட நீ? என்னை நடுரோட்டுல நிக்க வச்சிட்டியே!"

வேனில் திரும்பி வரும்போது அண்ணன் சொன்னார்: "ரெக்கார்டுல இல்லாதத வாசிக்கறதுக்கு நம்மள யாரும் கூப்புடறதில்ல. ஜனங்க வூட்ல கேட்டதத்தான் இங்கயும் கேக்கணும்னு வர்றாங்க. அச்சு அசலா இருக்கணும்."

"தப்பான சுரம் வாசிக்கலியேணா. வேற வழியா வந்தேன். அவ்ளோதான்."

"ஜனங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"எனக்கு ஒண்ணு இல்லணா."

அடுத்த ஒத்திகையில் அண்ணனுடைய லேப்டாப்பில், நாங்கள் 'பொட்டி' என்று சொல்வோம், எல்லாப் பாட்டுக்கும் பேஸ் டிராக் ஏறியிருந்தது. யாரோ ஒருவர் எந்த ஊரிலோ ஒரு அறையில் உட்கார்ந்து, ரெக்கார்டைக் கேட்டுக் கேட்டு வாசித்துப் பதிந்து விற்கும் டிராக். சுத்தமாக இருந்தது. ஒரு விரல்கூடப் பிசகவில்லை. குழுவிலிருந்து என்னை விலக்கவும் இல்லை. முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சத்தம் இருந்தவரைக்கும் எனக்குப் பின்வரிசையில், ரிதம் பேடு வாசிக்கும் காசி பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. சத்தம் போனதும் முன்வரிசை, ஜிகினா கோட், முகத்தில் நேராக விழும் விளக்கு.

என் கிட்டார் ஊதா நிறம். கழுத்தின் பின்புறம் பெயிண்ட் தேய்ந்து மரம் தெரியும். மாசி முடிந்து வெயில் ஏற ஆரம்பித்தால் ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருக்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஊருக்குக் கிளம்புவார்கள். சைக்கிள், மெத்தை, மிக்ஸி என்று கையில் இருப்பதையெல்லாம் விற்றுவிட்டுப் போவார்கள். நான் வேலை பார்க்கும் லாட்ஜின் வரவேற்பறைச் சுவரில் அந்த அறிவிப்புகளை ஒட்டுவது என் வேலைகளில் ஒன்று. அப்படி ஒட்டப்போன ஒரு காகிதத்தை ஒட்டாமல் பையில் வைத்துக்கொண்டு போய் வாங்கியதுதான் இது. வீட்டுக்கு எடுத்து வந்தபோது அம்மா கம்பிகளை எண்ணிப் பார்த்து, "ரெண்டு கம்பிய அறுத்துட்டு உன் தலையில கட்டிட்டான் பாரு" என்றார். பேஸுக்கு நான்குதான் என்று புரிய வைக்க ஒரு வாரம் ஆனது.

மீதியைப் போனில் பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நடப்பதுபோல மாறி மாறி விழ வேண்டும். இரண்டும் ஒரே எடையில் விழ வேண்டும். கட்டைவிரல் எங்கேயும் அலையாமல் ஒரே இடத்தில் ஊன்றியிருக்க வேண்டும். முதல் மாதம் கொப்புளம், இரண்டாவது மாதம் காய்ப்பு. எல்லாவற்றையும்விடக் கஷ்டம், சுரத்தை எழுப்புவது அல்ல, நிறுத்துவது. தடித்த கம்பி ஒருமுறை அதிர ஆரம்பித்தால் தானாக அடங்காது. இடதுகை விரலை அழுத்தாமலும் எடுக்காமலும் மேலே வெறுமனே படியவிட்டு அதை அணைக்க வேண்டும். அது பழகிய நாளில்தான், நான் வாசிக்கிறேன் என்று எனக்கே தோன்றியது.

அம்மாவுக்கு மட்டும் தோன்றவில்லை. அம்மா சந்திரகலா வீட்டில் ஜாக்கெட் தைக்கிறார். கச்சேரி வீடியோக்களை நான் போனில் காட்டுவேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உற்றுப் பார்ப்பார். "நீ கைய ஆட்டற. தெரியுது. ஆனா உன் சத்தம் எதுடி? ஒண்ணும் வரலியே?" போன் ஸ்பீக்கரில் பேஸ் வராது. அத்தனை சின்ன இடத்தில் அந்தச் சத்தத்துக்கு நிற்க இடமில்லை. எத்தனை தடவை சொன்னாலும் அம்மா சந்தேகமாகவே பார்ப்பார். கடைசியில் சொன்னேன்: "நம்ம தெருவுல கச்சேரி வரும்போது பெரிய பாக்ஸ் முன்னாடி வந்து உக்காரும்மா. காதுல தேடாத. இங்க கேக்கும்" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.

இன்று அம்மா தையலை மதியத்தோடு நிறுத்திவிட்டு, தலைக்குக் குளித்து, இடப்பக்கப் பாக்ஸுக்கு நேர் எதிரே முதல் வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டார். கச்சேரி தொடங்க இன்னும் நேரம் இருந்தது. பாக்ஸ்காரப் பையன்கள் "காது போயிடும், தள்ளி உக்காருங்க" என்று சொல்லிப் பார்த்தார்கள். நகரவில்லை.

அண்ணனிடம் பேசிப் பயனில்லை என்று நான் மேடையிலிருந்து இறங்கி, தெருவின் நடுவில் பந்தலுக்குக் கீழே மிக்ஸர் வைத்திருந்த ஜியாவுல்லா பாயிடம் போனேன். ஊரில் பாதிக் கச்சேரிகளுக்கு அவருடைய சவுண்டுதான்.

"பாய், என் ஒயர் வருதா உங்களுக்கு?"

"வருதும்மா. நாலாவது சேனல். மியூட்ல கீது."

"தொறந்து வைங்க பாய்."

பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "உங்க கலை மூடச் சொல்லிட்டாரு. அவரு தொறக்கச் சொன்னா தொறப்பேன். நான் சவுண்டுக்காரன், பஞ்சாயத்துக்காரன் இல்ல."

"நான் வாசிக்கறது நல்லாயிருக்கும்னு நீங்களே சொன்னீங்க பாய்."

"இப்பவும் சொல்றேன். டிராக்கவிட உன் வாசிப்புல உசுரு ஜாஸ்திதான். அதுக்காக? ஒருத்தர் குழுவுல இன்னொருத்தர் கைய வைக்கலாமா?" பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "ஒயர மட்டும் புடுங்காத. சொருகியே வச்சிரு. சொருகி இருந்தா நல்லது."

மேடைக்குப் பின்னால் காசி பிடித்துக்கொண்டான். என்னைவிடப் பத்து வயது மூத்தவன். ஆனாலும் அவனை 'அண்ணா' என்று கூப்பிட்டால் சிரிப்பான்.

"வினோ, உன் மூஞ்சியே சரியில்ல. எதுனா பண்ணப் போற."

"என்ன பண்ணுவேன்?"

"அதான் தெரியல. இத பாரு, என் பேட்லயும் பாதி பொட்டிலதான் ஓடுது. நீ ஏடாகூடமா எதுனா பண்ணா, ஜனம் அடுத்து என் கையத்தான் பார்க்கும். ஆடி சீசன், இன்னும் எத்தினி தெரு கீது. எங்க பொழப்புல மண்ணப் போட்டுறாத தாயே."

"உன் பேரு வராது. சத்தியம்."

"அப்ப யார் பேரு வரும்?"

"என் பேருதான்."

"அய்யோ" என்று குச்சியால் தன் தலையில் தட்டிக்கொண்டு போனான்.

எங்கள் ஊரில் சாயங்காலம் சீக்கிரம் வந்துவிடும். வானத்தில் வெளிச்சம் மிச்சம் இருக்கும்போதே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். அந்த நிழலில், தெரு விளக்கு எரியும் முன்பே, முதல் பாட்டைத் தொடங்கினோம். சாமி பாட்டு. நான் அண்ணன் சொன்னபடியே செய்தேன். தோள், தலை, விரல்.

அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றி என்ன சொல்வது? மின்சாரம் ஏறாத பேஸ் கம்பிக்குக் கொசு அளவுக்குத்தான் குரல். என் விரலுக்கடியில் அது தானாக முனகிக்கொண்டிருந்தது. எனக்கு இரண்டு பக்கமும் ஆள் உயர ஸ்பீக்கர்ப் பெட்டிகளிலிருந்து யாருடைய பேஸோ தெருவை நிரப்பியது. என் விரல்கள் வெட்கமில்லாமல் அதோடு பொருந்தின. மூன்றாவது வரியிலேயே அவை அந்த முகம் தெரியாத ஆளுக்குக் கீழ்ப்படியத் தொடங்கிவிட்டன. என் கை அவனுடையதுபோல இருந்தது. வேறு யாரோ பேச, நான் வாயசைக்கிறேன். அதுகூடப் பரவாயில்லை என்று நினைத்தேன். ஐந்து நிமிடம்தானே. பத்துப் பாட்டுதானே.

அப்போது அம்மாவைப் பார்த்தேன்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். வலது உள்ளங்கையை நெஞ்சில் வைத்திருந்தார். பிறகு கண்ணைத் திறந்து, பக்கத்து நாற்காலி ரேணுகாம்பாள் அத்தையின் கையை இழுத்து அவர் நெஞ்சிலும் வைத்துக் காட்டினார். என்னைப் பார்த்து, வாய் நிறையச் சிரித்து, தலையை வேகமாக ஆட்டினார். கேட்கிறது. கண்டுபிடித்துவிட்டேன். இதுதான் உன் சத்தம்.

பாட்டு முடியும்வரை நான் அம்மாவைத் திரும்பப் பார்க்கவில்லை.

இரண்டாவது பாட்டுக்கு அண்ணன் பொட்டியைத் தட்டினார். குத்துப் பாட்டு. முன்னிசையிலேயே பேஸ் தனியாக ஓடும். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஓட்டம், குழந்தைகள்கூட வாயால் பாடுவார்கள். விளக்கு என்மேல் விழுந்தது. நான் இரண்டு அடி முன்னால் வந்து, மேடையின் விளிம்பில் நின்று, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

பேஸ் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் கண்டது தரையில் உட்கார்ந்திருந்த குழந்தைகள். ஒரு சிறுமி எழுந்து நின்று விரலை நீட்டினாள். "டேய், அக்கா தொடவே இல்லடா! தானா பாடுது!"

"பேய் கிட்டார்டா!"

"ரிமோட்டு கீது. அக்கா பின்னாடி கைல வச்சிருக்கு பாரு!"

நான் கைகளை முன்னால் கொண்டுவந்து, விரித்துக் காட்டினேன். ஒன்றுமில்லை. தெரு சிரித்தது. பின்னால் நின்ற ஆண்கள் முன்னால் நெருங்கி வந்தார்கள். போன்கள் மேலே எழும்பின. ஓரக்கண்ணில் அண்ணன் தெரிந்தார். முகம் வெளிறி, இடதுகையால் 'வாசி, வாசி' என்று சைகை செய்தார். நான் விரித்த கைகளை இறக்கவில்லை. காசி பேடை உடைத்துவிடுவதுபோல அடித்துக்கொண்டிருந்தான், தான் நிஜமாக அடிப்பதை ஊரே பார்க்க வேண்டும் என்பதுபோல.

அங்கேதான் அண்ணன் பெரிய ஆள் என்று புரிந்துகொண்டேன். அவருக்கு இரண்டு வரி நேரம்தான் தேவைப்பட்டது. மைக்கைப் பிடித்தார்.

"பார்த்துக்குங்க ஜனங்களே! கார்முகிலோட புது அதிசயம்! தொடாம பாடற கிட்டார்! உங்க தெருப் பொண்ணு வினோதினி! ஜோரா ஒரு கைத்தட்டல்!"

தெரு பிளந்தது. விசில். என் எதிர்ப்பை ஒரே வாயில் விழுங்கிவிட்டார். நான் விறைத்துப்போய் நின்றேன். கை விரித்து நிற்க நிற்க, விசில் கூடியது. இதற்கு மேல் கையை எடுக்க எனக்கு வேறு கை இல்லை. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. நெஞ்சிலிருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கிழிந்த துணியில் கிழிசல் எங்கே தொடங்குகிறது என்று தேடும்போது பார்ப்பாரே, அப்படி.

பாட்டு முடிந்ததும் விழாக் குழுச் செயலாளர் பிரகாஷ் மேடைக்கு ஏறி வந்தார். தெருவில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவர். கையில் பொன்னாடை. கலெக்டர் ஆபீஸிலிருந்து யாராவது வந்தால் போடுவதற்காக வாங்கி வைத்திருந்தது. யாரும் வரவில்லை போலிருக்கிறது.

"எல்லாம் சயின்ஸுங்க!" என்று மைக்கில் சொன்னார். "கரண்ட்டு வேலையில இருவது வருஷமா கீறேன், நானே இப்பிடி ஒண்ணப் பார்த்ததில்ல. நம்ம தெருப் பொண்ணு. தர்மன் பொண்ணு. இதுக்குப் பொன்னாடை போடறதுல விழாக் குழு பெருமைப்படுது. ரெண்டு வார்த்தை பேசும்மா."

பொன்னாடை தோளில் விழுந்தது. பச்சைக் கரை, புதுத்துணி வாசம். மைக் என் கைக்கு வந்தது. வாசிக்காமல் நின்றதற்கு மரியாதை. வாசித்துக்கொண்டிருந்த இரண்டு வருடத்தில் ஒரு சோடாகூட யாரும் கொடுத்ததில்லை. சிரிப்பு வந்தது. சிரித்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். நன்றி வணக்கம் சொல்லி, மூன்றாவது பாட்டுக்குப் போயிருப்போம், அடுத்த தெரு பிளெக்ஸில் 'தொடாமல் பாடும் கிட்டார்' என்று கொட்டை எழுத்தில் அடித்திருப்பார்கள். கடைசி வரைக்கும் அதுதான் நான்.

"ரொம்ப நன்றிண்ணா" என்றேன். என் குரல் தெருக்கோடி வரைக்கும் போய்த் திரும்பியது. பேச மட்டும் சேனல் திறந்திருக்கிறது. "ஆனா இந்தப் பொன்னாடைய வாசிச்சவங்களுக்குத்தான போடணும்? இப்ப வாசிச்சது யாருன்னு எனக்குத் தெரியாது."

பொன்னாடையைத் தோளிலிருந்து எடுத்தேன். நான்கு எட்டு நடந்து, கீபோர்டு பக்கத்தில் ஸ்டூல்மேல் இருந்த பொட்டிக்கு அதைப் போர்த்தினேன். இரண்டு முனையையும் இழுத்துச் சரிசெய்தேன். அதற்கு ஒரு கும்பிடும் போட்டேன்.

பிறகு குழந்தைகள் பக்கத்திலிருந்து சிரிப்பு கிளம்பி, பின்னாலிருந்தவர்கள் வரைக்கும் போனது. "லேப்டாப்புக்குப் பொன்னாடைடா!" பிரகாஷ் பொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கரண்ட்டு வேலையில் இருபது வருடம் இருந்தவருக்கு அப்போதுதான் புரிந்தது.

"மத்தவங்க எல்லாரும் வாசிக்கறாங்க" என்றேன் மைக்கில். "காசிண்ணன் வாசிக்கறாரு, மாறன் சார் பாடறாரு, அண்ணன் வாசிக்கறாரு. பேஸ் மட்டும்தான் பொட்டில ஓடுது. என்னுது மட்டும். நான் சும்மா நிக்கறேன். எனக்கு வாசிக்கத் தெரியும். எங்க அம்மா முன்னால உக்காந்திருக்காங்க. அவங்க கேட்டது என் சத்தம் இல்லன்னு அவங்களுக்குத் தெரியணும். அதுக்குத்தான் சொல்றேன்."

பின்னாலிருந்து காசி சின்னதாக ஒரு உருட்டு உருட்டினான். பெருமூச்சு மாதிரி இருந்தது.

அண்ணன் என்னிடம் வந்தார். மைக்கை என் கையிலிருந்து எடுத்து அணைத்தார். "கீழ எறங்கு. இன்னியோட முடிஞ்சிது. எறங்கு."

"எறங்க மாட்டேன்ணா."

"நான் கட்டுன குழு இது. பொம்ம மாதிரி ஒரு கீபோர்ட வச்சிக்கினு ஒவ்வொரு மண்டபமா நாய் மாதிரி சுத்தி, ரெக்கார்டு மாதிரியே இருக்குதுன்னு நாலு பேர் சொல்லணும்னு உயிர வுட்டுக் கட்டுனது. அசிங்கப்படுத்திட்டியே."

அவர் கண்ணில் நீர் நின்றது. அது நடிப்பு இல்லை. அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் வருத்தம் வந்தது. ஆனால் காலை நகர்த்தவில்லை. "முடிஞ்சிதுன்னா முடியட்டும்ணா. எங்க தெருவுல வாசிச்சிட்டு முடிச்சிக்கறேன்."

கீழே சத்தம் வேறு மாதிரியாக மாறிக்கொண்டிருந்தது. "பொண்ணு சொல்றது நாயந்தானே" என்று ஒருவர். "பாட்டப் போடுங்கய்யா, பஞ்சாயத்து அப்புறம்" என்று இன்னொருவர். திடீரென்று ரேணுகாம்பாள் அத்தை நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். தெருக் குழாயடியில் அவருக்கு எதிர்க்குரல் கிடையாது.

"இன்னா கலையரசா! பொண்ணப் போட்டோவுக்கு மட்டும் நிக்க வப்பியா? எங்க நெஞ்சுல கைய வச்சிக்கினு மெஷின் சத்தத்தயா கேட்டுக்கினு உக்காந்திருந்தோம்? வாசிக்க வுடுய்யா!"

"வாசிக்க வுடு! வாசிக்க வுடு!" குழந்தைகள் அதைப் பாட்டாக்கிவிட்டார்கள். பிரகாஷ் சங்கடமாகத் தலையைச் சொறிந்து, "கலை, நம்ம தெருப் பொண்ணு... ஒரே ஒரு பாட்டு..." என்றார்.

அண்ணன் தெருவைப் பார்த்தார். பொன்னாடை போர்த்திய பொட்டியைப் பார்த்தார். பிறகு மிக்ஸர் பக்கம் பார்த்து, தலையை ஒருமுறை மேலும் கீழும் அசைத்தார். அதற்காகவே காத்திருந்ததுபோல, பந்தலுக்கடியில் ஜியாவுல்லா பாயின் கை உயர்ந்தது. நான்கு விரல். நாலாவது சேனல்.

சேனல் திறந்துவிட்டது எனக்கு உறைக்குமுன்பே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. வாரைச் சரிசெய்யும்போது என் கட்டைவிரல் தடித்த கம்பியில் தெரியாமல் பட்டது. அவ்வளவுதான். பெட்டிகளுக்குள்ளிருந்து ஏதோ எழுந்து உட்கார்ந்ததைப்போல ஒரு சத்தம். எதிர்வீட்டுத் தகரக் கூரை பேசியது. கோயில் முன்னால் கழுவிக் கவிழ்த்திருந்த கூழ் அண்டாக்கள் ஒன்றோடொன்று முனகின. குழந்தைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் இடதுகையைக் கம்பிமேல் படியவிட்டேன். அது அடங்கியது. அடங்கிய இடத்தில் தெரு முழுக்க அமைதி.

அம்மாவின் கை மடியிலிருந்து எழவில்லை இன்னும். ஆனால் சற்று முன்னால் நகர்ந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

மாறன் மைக் ஸ்டாண்டைப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார். "அந்தப் பழைய பாட்டா?" என்று மெதுவாகக் கேட்டார். கீழ்பென்னாத்தூரில் அவரை நடுரோட்டில் நிறுத்திய பாட்டு. எனக்கும் அதுதான் மனத்தில் இருந்தது. ஆமாம் என்று தலையசைத்தேன். அவர் மறுக்கவில்லை. அண்ணன் கீபோர்டுக்குத் திரும்பியிருந்தார். காசி குச்சிகளை உயர்த்தினான்.

கட்டைவிரலை ஊன்றினேன். ஆள்காட்டி விரல் கம்பியின்மேல் இருந்தது. இரண்டு சரணம். அதன் முடிவில் அந்த இடம். ஒரே சுரத்தில் நின்று காத்திருக்கலாம். இல்லை, இருட்டுக்குள் இறங்கிப் போகலாம்.

கலையரசன் அண்ணன் கீபோர்டை விட்டு எழுந்து, மேடையின் குறுக்கே என்னிடம் வந்தார். தெருவுக்கு முதுகைக் காட்டி, யாருக்கும் கேட்காதபடி, குனிந்து என் காதருகே சொன்னார்:

"வினோ. எல்லாம் உன் இஷ்டப்படியே ஆச்சு. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கறேன். ரெக்கார்டுல இருக்கறதயே வாசிம்மா."